பெருங்காயம் மணக்கும் சாக்ஸ்

ட்ரோன்ட்ஹைம், நார்வே
மார்ச் மாதம், வெளியே பனி

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சலைப் பிரித்த உடனே கூடம் முழுக்கப் பெருங்காயம் மணந்திருக்கும். "உன் தம்பி நார்வேயிலிருந்து புளியோதரை அனுப்பியிருக்கான், ஊசிப் போயிருக்கும், தூரக் கொண்டு போய் வை" என்று மாமா சொல்லியிருப்பார். அது புளியோதரை இல்லை, சாக்ஸ். ஆட்டுக் கம்பளி, தேயாமலிருக்கக் கொஞ்சம் நைலான். கடையில் வாங்கியதும் இல்லை, நானே உட்கார்ந்து பின்னியது. சட்டைப் பொத்தான் அறுந்தால் உன்னிடம் ஓடி வந்தேனே, அதே தம்பிதான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

இந்த ஊரில் பின்னத் தெரியாதவனை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பஸ்ஸில் பின்னுகிறார்கள். ஆபீஸ் மீட்டிங்கில் பின்னுகிறார்கள். பின்னிக்கொண்டே கேள்வியும் கேட்கிறார்கள், பதில் சொல்கிறவன்தான் ஊசியைப் பார்த்துத் தடுமாற வேண்டும். 2013 நவம்பரில் இவர்களுடைய பொதுத் தொலைக்காட்சி என்.ஆர்.கே. ஓர் இரவு பூராவும் இதையே நேரடியாக ஒளிபரப்பியது. ஆட்டின் முதுகிலிருந்து ரோமத்தைக் கத்தரித்து, நூல் நூற்று, ஸ்வெட்டராகப் பின்னி முடிக்கிற வரைக்கும். ஆஸ்திரேலியாக்காரர்கள் 4 மணி 51 நிமிடத்தில் முடித்த சாதனையை முறியடிப்பதாகத் திட்டம். முடியவில்லை. எங்கள் கீழ் வீட்டுப் பாட்டி விடிய விடியப் பார்த்தாராம், பார்த்துக்கொண்டே ஒரு ஸ்வெட்டரின் கையும் பின்னி முடித்தாராம்.

அந்தப் பாட்டிதான் என் குரு. எண்பதைத் தாண்டியவர். இங்கே யாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை, 'பாட்டி' என்றே கூப்பிட்டுவிட்டேன். அர்த்தத்தைச் சொன்னதும் அவருக்குப் பிடித்துப்போய், இப்போது தபால்காரர்கூட 'பாட்டி' என்கிறார். போன குளிரில் நான் திருப்பூர்ப் பருத்தி சாக்ஸ் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு பனியில் நடந்ததைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார். பருத்தி நனைந்தால் அவ்வளவுதான், கால் விறைத்துவிடும். கம்பளி ஈரமானாலும் சூட்டை விடாது. இதைச் சொல்லிவிட்டு ஐந்து ஊசிகளைக் கையில் கொடுத்தார்.

ஒரு சாக்ஸுக்கு ஐந்து ஊசியா என்று நானும் கேட்டேன். நான்கு ஊசிகளில் கண்ணிகள் சும்மா உட்கார்ந்திருக்கும், ஐந்தாவது மட்டும் வேலை செய்யும். நாலு பேர் உட்கார்ந்திருக்க ஒருத்தன் உழைக்கிற ஏற்பாடு எனக்கு ஆபீசில் பழக்கம் என்பதால் சட்டென்று பிடிபட்டது. மேல் பட்டையைப் பின்னி, கணுக்கால் வரைக்கும் சும்மா சுற்றிச் சுற்றி வந்துவிடலாம். சமாசாரமெல்லாம் குதிகாலில் இருக்கிறது. அங்கே பாதிக் கண்ணிகளை அப்படியே நிறுத்திவிட்டு, மீதிப் பாதியை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி ஒரு சின்னத் துண்டு இறக்க வேண்டும். அதன் அடியில், வரிசை முடிவதற்கு முன்பே திரும்பித் திரும்பி, இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தால், தட்டையாக இருந்த துணி கண்ணெதிரிலேயே குழிந்து குதிகால் உட்காருகிற பள்ளம் ஆகிறது. வெட்டு இல்லை, தையல் இல்லை. என்ஜினீயரிங் படித்தவன் என்கிற திமிரில் காகிதத்தில் கணக்குப் போட்டும் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் நம்ப முடியவில்லை, அக்கா.

மேலே கறுப்பும் வெள்ளையுமாக எட்டிதழ்ப் பூ இருக்கிறதா? அது செல்பு பூ. செல்பு இங்கிருந்து பக்கம்தான். 1857-ல் மாரிட் குல்ட்செத் என்ற பதினாறு வயதுப் பெண், அந்தப் பூவை வைத்துக் கையுறை பின்னி, சகோதரிகளோடு சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போனாளாம். ஊர் திரும்பிப் பார்த்திருக்கிறது. பிறகு ஊரே பின்னி விற்றுப் பிழைத்திருக்கிறது. பூவுக்கான மாதிரியைக் கட்டம் போட்ட காகிதத்தில் தருகிறார்கள். நீ மார்கழியில் புள்ளி எண்ணிக் கோலம் போடுகிற அதே கணக்குதான், புள்ளிக்குப் பதில் கட்டம். உன் பக்கத்தில் கோலமாவுக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றவனுக்கு அது வராதா? பாட்டி அசந்துவிட்டார். பிறவித் திறமை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுக்கவில்லை.

இப்போது சோற்றுக்கு வருகிறேன். இவர்களும் அரிசி சாப்பிடுகிறார்கள். எப்படி என்று மட்டும் கேட்காதே. குழைகிற குட்டை அரிசியைப் பாலில் வேகவைத்துக் கஞ்சியாக்கி, நடுவில் குழித்து வெண்ணெய் வைத்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, இதுதான் சனிக்கிழமைச் சாப்பாடு என்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு அந்தக் கஞ்சியில் ஒரே ஒரு பாதாம்பருப்பை ஒளித்து வைப்பார்கள். யார் கிண்ணத்தில் வருகிறதோ அவருக்குப் பாதாம் மாவில் செய்த பன்றிக்குட்டி பரிசு. இந்த ஊரில்தான் நான் பருக்கை ஒட்டாத புளியோதரை கிளறிக்கொண்டிருக்கிறேன்.

புளியும் நல்லெண்ணெயும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் கடையில் கிடைக்கின்றன. "தம்பி, எண்ணெய் இப்பதான் வந்தது, நாளைக்கு வந்தா இராது, இப்பவே எடுங்கோ" என்பார். அங்கே நின்றால் எண்ணெயோடு சரித்திரமும் சேர்ந்து கிடைக்கும். 1956-லேயே ஆண்டனி ராஜேந்திரம் என்பவர் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து, மீன்பிடித் தொழிலைக் கற்று, இங்கத்தவர்களிடம் உதவி திரட்டி, ஊரில் 'சீநோர்' என்று தொடங்கிப் படகும் வலையும் செய்ய வைத்தாராம். நான் பின்னுகிறேன் என்றதும் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அந்த நாளையில இவையள் எங்களுக்கு வலையைப் பழக்கிச்சினம், இப்ப உங்களுக்குச் சாக்ஸா?" என்றார். மிளகாய் வற்றல் ஒரு பிடி கூடப் போட்டுக் கட்டினார்.

வாசனைக் கதை இதோ. புளிக்காய்ச்சல் கொதித்துச் சுண்டி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்கிற வரைக்கும் அடுப்பை விட்டு நகர முடியாது, உனக்குத் தெரியாததா. சும்மா நிற்பானேன் என்று ஊசியை எடுத்துக்கொள்கிறேன். ஜன்னலெல்லாம் குளிருக்காக மூன்றடுக்குக் கண்ணாடி, தாளித்த மணம் வெளியே போக வழியே கிடையாது. கம்பளியோ எந்த வாசனை வந்தாலும் குடித்துக்கொள்கிற சாதி. வெந்தயமும் எள்ளும் வறுத்தபோது பின்னிய கணுக்காலில் ஒரு மணம், மிளகாயைக் கிள்ளிப் போட்டபோது பின்னிய பாதத்தில் ஒரு காரம், விரல் பக்கம் முழுக்கப் பெருங்காயம். மோந்து பார்த்தே எந்த வரிசையில் எதைத் தாளித்தேன் என்று சொல்லிவிடலாம்.

பாட்டியிடம் வைத்தியம் கேட்டேன். கம்பளியை இங்கே சும்மாச் சும்மா துவைக்க மாட்டார்கள். குளிரில் ஒரு ராத்திரி வெளியே தொங்கவிட்டால் வாசனை போய்விடும் என்றார். மைனஸ் 12-ல் பால்கனியில் தொங்கவிட்டேன். காலையில் சாக்ஸ் விறைத்து நின்றது. பெருங்காயமும் அதே விறைப்போடு இருந்தது. பாட்டி மூக்கருகே கொண்டுபோய் யோசித்துவிட்டு, இதைச் சாப்பிடக் கொடு என்றார். கிண்ணத்தில் புளியோதரை கொடுத்தேன். கண்ணில் நீர் வழிய இரண்டு வாய் சாப்பிட்டார், எழுந்து போனார், பிரிட்ஜிலிருந்து பழுப்பு நிறத் தித்திப்புச் சீஸை எடுத்து வந்தார். சோற்றின்மேல் மெல்லிசாகச் சீவிப் போட்டு மிச்சத்தைக் காலி செய்தார். நம் மன்னார்குடி ராஜகோபாலசாமி என்னை மன்னிக்கட்டும். நானும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். மோசமில்லை. இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

மன்னார்குடி வெயிலில் கம்பளி எதற்கு என்று மாமா கேட்பார். குதிகால் வெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, ராத்திரி இதைப் போட்டுப் படுக்கட்டும். ஃபேனை ஐந்தில் வைத்துக்கொள்ளட்டும். வெந்நீரில் மட்டும் துவைத்துவிடாதே, மெஷினிலும் போடாதே. இறுகிச் சுருங்கி உன் பேரனுக்குத்தான் ஆகும். பேரனுக்கும் ஒன்று வேண்டுமென்றால் அதுவும் ஒரு வழி.

அடுத்த ஜோடி உனக்கு. வெள்ளைத்தாளில் பாதத்தை வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தபாலில் அனுப்பு. போட்டோ எடுத்து அனுப்பினால் அளவு தெரியாது, செருப்பு நம்பரை நான் நம்ப மாட்டேன். என்ன நிறம் என்று எழுது. என்ன வாசனை என்பதையும் எழுதலாம்: இந்த வாரம் எலுமிச்சைச் சாதம், அடுத்த வாரம் பூண்டுக் குழம்பு.

அன்புடன்
தம்பி