ஒரு கை பார்த்தவர்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் லைன்பேக்கராக என்ன தகுதி வேண்டும்?

பதில்: பந்தோடு ஓடிவருபவனைக் கட்டிப்பிடித்துச் சாய்க்க வேண்டும். அதற்கு இரண்டு கை அவசியம் என்று யாரோ ஷக்கீம் கிரிஃபினிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். நாலு வயதிலேயே அவருக்கு இடது கை மணிக்கட்டோடு சரி. ஃப்ளோரிடாவில் லேக்வுட் பள்ளி. அப்புறம் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சில வருடம் பெஞ்ச் தேய்ப்பு. பயிற்சியாளர் மாறியதும் 2016-ல் கல்லூரி லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர்! தொழில்முறை அணிகளுக்கான 2018 தேர்வு முகாமில் செயற்கைக் கையை மாட்டிக்கொண்டு 102 கிலோவை 20 முறை தூக்கினார். 40 கெஜத்தை 4.38 விநாடியில் ஓடினார். அப்படியும் ஆள் எடுக்கும்போது நாலு சுற்றுவரை எல்லா அணிகளும் கையை விரித்தன. அவர்களுக்குத்தான் இரண்டு இருக்கிறதே! ஐந்தாவது சுற்றில், 141-வது ஆளாக சியாட்டில் அணி எடுத்தது. இரட்டைச் சகோதரர் ஷக்கீல் முந்தின வருடமே அங்கே ஆஜர்.