மேஜை அத்தை

பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஊசிக்கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். எங்கள் மாமா எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று பார்த்தால் போதும். நவம்பர் முடியச் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட்டவர், டிசம்பர் முதல் தேதி தட்டும் கையுமாக அடுக்களை வாசல் ஸ்டூலுக்குக் குடிபெயர்ந்திருப்பார். மேஜை அத்தையின் வசம் போய்விட்டது என்று அர்த்தம்.

நாகர்கோவில், நாசரேத், தூத்துக்குடி என்று எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் தெருவுக்கு ஒரு மேஜை அத்தை உண்டு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற டீச்சர். கரும்பலகை கைவிட்டுப் போனபின் அவர்களுக்கென்று மிஞ்சிய பரப்பளவு, ஆறு பேர் உட்காரும் அந்த மேஜைதான்.

முதலில் லேஸ் விரிப்பு. அதற்கொரு வரலாறு உண்டு. அத்தை வீட்டில் ஐந்து நிமிடம் நின்றால் உங்களுக்கும் மனப்பாடமாகிவிடும். நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர் மார்த்தா மால்ட். அவர் மகள் எலைசா, 1844இல் கால்டுவெல்லுக்கு வாழ்க்கைப்பட்டார். இடையன்குடிக்கு வந்தபோது சீதனம்போல அந்தக் கைவேலையும் கூட வந்தது. அந்தப் பின்னலில் ஆனது, ஆச்சி கொடுத்த இந்த விரிப்பு. அதன்மேல் கறிக்குழம்பு சிந்தினால் வரலாற்றின் மேல் சிந்தியதாகிவிடும். ஆகவே லேஸ்மேல் பிளாஸ்டிக் ஷீட். ஷீட்டில் கீறல் விழக்கூடாதே, அதற்காக அதன்மேல் யாரும் எதுவும் வைக்கக்கூடாது.

அத்தை மட்டும் வைக்கலாம். நடுவே சவுக்குக் கிளை, அதன்மேல் பஞ்சுப் பனி. வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டும்; உள்ளே ஃபேனைப் போட்டால் பனி பறந்துபோய் முந்திரிக்கொத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே விருந்தாளிகள் பனிக்கு நடுவே வியர்த்துக்கொண்டு இருப்பார்கள். பக்கத்தில் சிவப்பாக பாயின்செட்டியா. "பூ அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டால் போச்சு. "அது பூ இல்ல, இலை. நடுவுல மஞ்சளா குட்டியா இருக்கே, அதுதான் பூ" என்று பாடம் நடக்கும். பாயின்செட்டியாவின் பிறப்பிடம் மெக்சிகோ. அத்தையுடையது பிளாஸ்டிக், ரத வீதிக் கடையில் வாங்கியது.

அப்புறம் மெழுகுவர்த்திகள். போன வருஷம் விருந்து நேரத்தில் கரண்ட் போனது. மேஜையில் எட்டு மெழுகுவர்த்தி நிற்கிறது. யாரோ தீப்பெட்டியை எடுத்தார்கள். இருட்டுக்குள்ளிருந்து அத்தையின் அலறல்: "யாரும் மெழுகுவர்த்தியக் கொளுத்திராதிய! செல்போன்ல லைட்டப் போடுங்க!"

உச்சம் நாப்கின். சாதம் வடித்த கஞ்சியில் முக்கி, விறைப்பாக இஸ்திரி போட்டு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மூலையை மடித்து, பின்பக்கம் செருகி, அடியில் இரண்டு விரல் விட்டு விரித்து நிமிர்த்தினால் பிஷப் குல்லா. தட்டுக்கு ஒரு பிஷப் வீதம் ஆறு பிஷப்மார் வரிசையாக நிற்பார்கள். இடப்பக்கம் முள்கரண்டி, வலப்பக்கம் கத்தி. மெனு, மட்டன் பிரியாணி.

ஒருமுறை ஆராதனை முடிந்து சபை ஐயர் வந்தார். எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். நாற்காலியில் உட்கார்ந்தவர், தட்டில் நின்ற குல்லாவை உற்றுப் பார்த்தார். "பிஷப்பக் கலைக்கிற அதிகாரம் எனக்கு இல்லம்மா" என்றபடி எழுந்து, மாமாவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பின் வந்தவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. பிரியாணித் தட்டோடு சிலர் சோபாவில், சிலர் மாடிப்படியில், பிள்ளைகள் எல்லாம் தரையில். மேஜையைச் சுற்றி ஆறு நாற்காலியும் காலி. அத்தை அதன்மேல் ஏறாத குறையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

இருபத்தாறாம் தேதி மேஜை காலியாகும் என்று நினைப்பது அனுபவமில்லாதவர்கள். "ஜனவரி 6 வரைக்கும் பண்டிகைதான். பாலன் இயேசுவப் பாக்க சாஸ்திரிகள் வாரதுக்குள்ள எடுத்துட்டா எப்படி?" என்பார் அத்தை. சாஸ்திரிகள் வந்து போன பிறகும், பஞ்சைப் பிரித்து டப்பாவில் அடைக்க ஒரு வாரம் ஆகும். ஸ்டூலில் இருந்தபடியே மாமா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். "தை பிறந்தா வழி பிறக்கும்னு சும்மாவா சொன்னான், மருமவனே?"

இந்த வருஷம் தையும் பிறந்தது. பொங்கலுக்கு மறுநாள் போயிருந்தேன். மேஜை துடைத்த பளிங்காகக் கிடந்தது. மாமாவைக் காணோம். தேடினால், பழைய ஸ்டூலிலேயே உட்கார்ந்து குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிறார்.

"மேஜைதான் காலியாயிட்டே மாமா?"

அவர் அடுக்களைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாத மருமவனே. இங்க இருந்தா சட்டி கைக்கெட்டுத தூரத்துல இருக்கு."