மூணு லட்சத்துக்குள் ஓர் அபிப்பிராயம்

கோவையில் எங்கள் சொந்தபந்தத்தில் யார் பழைய கார் வாங்கக் கிளம்பினாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். நான் ஒரு மணி நேரம் பேசுவேன். காபியைக் குடித்துவிட்டு, நேரே போய் நான் வேண்டாமென்று சொன்ன வண்டியை வாங்கிவிட்டு, பூஜைக்கு என்னையே கூப்பிடுவார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் டயர் ஏறும்போது முதல் ஆளாகக் கைதட்டுவதும் நான்தான்.

எனக்குக் கார்ப் பைத்தியம் உண்டு, கார் கிடையாது. வீட்டில் ஓடுவது ஒரு ஸ்கூட்டர், அதுவும் மனைவி பெயரில். கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் என்றால் செட்டிபாளையம் வரைக்கும் அதில்தான் போவேன். பார்த்துவிட்டு, கியரே இல்லாத அந்த வண்டியில் மனதுக்குள் கியர் மாற்றிக்கொண்டே வீடு திரும்புவேன்.

“மூணு லட்சத்துக்குள்ள ஒரு வண்டி சொல்லுங்க மாமா” என்று வருகிறவனுக்கு என் பதில் பல வருஷமாக மாறவில்லை. ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ. கொஞ்சம் சேர்த்துப் போட முடிந்தால் ஸ்விஃப்ட். கேட்டவன் முகம் சுருங்கும். எஸ்.யூ.வி. எதிர்பார்த்து வந்திருப்பான். நான் விடமாட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்குத் தாராபுரம் ரோட்டில் வண்டி நின்றால், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறக்கிற ஆளுக்கு அந்த எஞ்சின் ஏற்கெனவே பழக்கமாகியிருக்க வேண்டும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 2014 ஜனவரியில் விடைபெறும் வரைக்கும், மூன்று சிலிண்டர் 796 சிசி எஞ்சினை வைத்தே நாட்டிலுள்ள மெக்கானிக் பையன்களில் பாதிப் பேருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது. பின்னால் வந்த ஆல்ட்டோவும் அதே 796 சிசிதான். டீசல் வேண்டுமென்றால் ஃபியட் கொடுத்த 1,248 சிசி எஞ்சின் இருக்கிறது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ எல்லாவற்றுக்கும் அதுதான். முகம் வேறு, வயிறு ஒன்று. ஆனால் டிசையர் என்றால் ஆர்.சி.யை ஒரு முறைக்கு இரண்டு முறை பார். டி-போர்டில் ராப்பகலாக ஓடிவிட்டு, ஓன்போர்டுக்கு மாறி, புது சீட் கவரோடு சாதுவாக நிற்கிற வண்டிகள் உண்டு.

இவ்வளவும் நான் இலவசமாகச் சொல்வது. வண்டியை நேரில் பார்க்கக் கூப்பிட்டாலும் வருவேன். அதற்கென்று ஒரு பை வைத்திருக்கிறேன்: டார்ச், பழைய துணி, ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் மேல் வைத்தால், தகடாக இருந்தால் ஒட்டும். பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும். விழுந்ததும் நான் புரோக்கரை மெதுவாகத் திரும்பிப் பார்ப்பேன். இந்தப் பார்வையைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன் என்பது வெளியே தெரிய வேண்டாம்.

டயர் ஓரத்தில் நாலு எண் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் வருஷம், முப்பத்தைந்தாவது வாரம். “புது டயருங்க” என்று சொன்னவர் முன்னால் அதைச் சத்தமாக வாசிப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுப்பேன். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஊர் ஊராகப் போன காலத்தில் பிடித்த பழக்கம். வெளியே எவ்வளவு கழுவினாலும் பெல்ட் சுருண்டிருக்கும் இடத்தில் சேற்றுக் கறை தங்கிவிடும். எஞ்சினைக் குளிரில்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்வேன். நாம் போவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக வைத்திருந்தால் என்னவோ இருக்கிறது. நீலப் புகை வந்தால் ஆயில் குடிக்கிறது, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். சான்ட்ரோ என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்பேன். “அது எதுங்க?” என்று பதில் வந்தால் அந்தச் செலவையும் விலையில் கழிக்கலாம்.

புரோக்கர்களுக்கென்று ஒரு தனி உலகம் இருக்கிறது. அங்கே எல்லாக் காரையும் டாக்டர்தான் வைத்திருந்தார். கோவையில் ஆஸ்பத்திரிகள் அதிகம்தான். ஆனாலும் நான் பார்த்த வண்டிகளின் கணக்குப்படி பேஷண்டுகளைவிட டாக்டர்கள் அதிகம். லேடி டாக்டர் என்றால் விலை இன்னும் பத்தாயிரம் ஏறும். டாக்டர் மருதமலைக்கு மட்டும், அதுவும் கிருத்திகைக்கு மட்டும் எடுப்பார். மீட்டர் 38,000 காட்டும். பிரேக் பெடலின் ரப்பர் மொழுக்கென்று தேய்ந்திருப்பதைப் பார்த்தால், மருதமலையிலிருந்து அப்படியே காசிக்குப் போய்வந்திருப்பார் போலிருக்கும்.

காகித விஷயத்தில் நான் இன்னும் கறார். லோன் இருந்தால் ஃபாரம் 35-ம் பேங்க் என்.ஓ.சி.யும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதே. 29, 30 ஃபாரங்களில் கையெழுத்து வாங்கு. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்று. வண்டிக்குப் பதினைந்து வயசு நெருங்கினால் எஃப்.சி.க்கு நிற்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடு.

இத்தனையும் தெரிந்தவன் தனக்கென்று எதைப் பார்ப்பான்? மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஐகான், 1.6 லிட்டர். ராத்திரி எல்லோரும் தூங்கியபின் போனில் அதன் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் மனைவி பின்னால் நின்றிருந்தது தெரியவில்லை.

“ஏனுங்க, பெரியம்மா பையனுக்குப் போன வாரம் என்னங்க சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்?”

“கம்பெனி கடையச் சாத்திட்டுப் போன வண்டியத் தொடாதடா, பம்பர் கிளிப்புக்குக்கூடப் புதுப்பேட்டை போகோணும்னு சொன்னீங்க. தோசை ஊத்திட்டே கேட்டுட்டுத்தானுங்க இருந்தேன்.”

ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது 2021 செப்டம்பரில். அந்த மாதத்தைக்கூட அவள் சரியாகச் சொன்னாள். ஐகானை மூடிவிட்டு கான்டெஸாவைத் திறந்தேன். இசுசு எஞ்சின், நீளமான மூக்கு, கட்டில் மாதிரி பின் சீட்.

“அவிநாசி ரோட்டுல ஜி.டி. கார் மியூசியம் இருக்குதுங்கல்ல. டிக்கெட் எடுத்தா பழைய வண்டியெல்லாம் ஆசை தீரப் பாத்துட்டு வந்தரலாம். சர்வீஸ் செலவும் இல்லீங்க.”

காரில் தோற்றால் லாரிக்குப் போவதுதான் வீரம். மாமனாருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது. பழைய குட்டியானை ஒன்று வாங்கினால் என்ன? டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது இரண்டே சிலிண்டர், 702 சிசி. மார்க்கெட்டுக்குள் ஆட்டோ நுழைகிற சந்தில் அதுவும் நுழையும். நிற்கிற கார் செலவு, ஓடுகிற குட்டியானை வரவு. தேங்காய் ஏற்றலாம், வாடகைக்கு விடலாம், நான் ஓட்டலாம். கடைசிக் காரணத்தைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன். “உங்களுக்கு லைசென்ஸ்?” என்றாள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லி, 2024-இல் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்ததை எடுத்துவிட்டேன். எங்கள் வீட்டு எல்லைக்குள் அந்தத் தீர்ப்பு செல்லவில்லை. சரக்கு வண்டிக்கு எட்டு வயசு வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அப்புறம் வருஷா வருஷமும் எஃப்.சி. என்று நானே யாருக்கோ சொன்னதை அவள் ஞாபகப்படுத்தினாள். மாமனாரோ தோப்பில் இருக்கிற தேங்காய்க்கு டிவிஎஸ் எக்ஸெல் போதும் என்றுவிட்டார்.

போன ஐப்பசியில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வேகன் ஆர் இருப்பதாக மச்சினன் சொன்னான். மூவரும் போனோம். நான் பையைத் திறப்பதற்குள் காந்தத்தை அவள் எடுத்துக்கொண்டாள். பின் கதவில் வைத்தாள், விழுந்தது. புரோக்கரைப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் பழகிய என் பார்வையெல்லாம் அதற்குக் கிட்டேகூட வராது.

“டாக்டர் வண்டிங்க அம்மணி. ஒரே ஓனர்.”

“எந்த டாக்டருங்க?”

“பல் டாக்டருங்க.”

“நல்லதாப் போச்சுங்க. எனக்குக் கடவாப்பல்லு ரெண்டு வாரமா வலி. போன் போட்டுக் குடுங்க, அப்படியே வண்டியப் பத்தியும் ரெண்டு வார்த்தை கேட்டுக்கறேன்.”

போன் போகவில்லை, விலை இறங்கியது. அவள் குனிந்து டயர் எண்ணை வாசித்ததும் இன்னொரு தரம் இறங்கியது. மச்சினன் அட்வான்ஸை எண்ணிக்கொண்டிருக்க, புரோக்கர் என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. அம்மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வேலைங்களா?”

“இல்லீங்க,” என்றேன். “அவளுக்குக் கார்னாலே பிடிக்காதுங்க.”