பெல்ட் மட்டும் மாத்துங்க, போதும்!

பழைய டீசல் கார் வைத்திருக்கும் சிக்கனப் பேர்வழிகளுக்காக இந்தக் கையேடு. மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் தலைப்பில் உள்ள வசனத்தைச் சொல்லிவிட வேண்டும். அசந்தால் அவர் டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் சீல் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார். பாடம் நடத்துவதற்கு, 2012-ல் ஒரகடம் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கிய ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம்.

படி 1: தகுந்த ஆளிடம் யோசனை கேளுங்கள்

ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கும் மச்சானைவிடத் தகுந்த ஆள் கிடையாது. "ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டிட்டேன் மாப்ளே, பெல்ட்டைத் தொட்டதே இல்ல" என்பார். பொய்யே இல்லை. அவர் வண்டியில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். இந்தச் சின்ன விஷயத்தை நீங்கள் கிளற வேண்டாம்.

மேனுவலில் கிலோமீட்டர் கணக்கோடு வருடக் கணக்கும் போட்டிருக்கும்; எது முந்துகிறதோ அதற்கு மாற்றச் சொல்வார்கள். 'கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுக்கிற வண்டி' என்று அதற்கு விலக்கு வாங்கிக்கொள்ளலாம். ஷெட்டில் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும் என்பதெல்லாம் கம்பெனிக்காரன் பேச்சு. பழைய இன்னோவா 2.5 டீசல்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். தவணை வந்ததும் டேஷ்போர்டில் டைமிங் பெல்ட்டுக்கென்றே ஒரு விளக்கு எரியும். ரீசெட் செய்தால் அணைந்துவிடும். விளக்கு அணைந்தால் பெல்ட் புதுசாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

படி 2: லேபர் கணக்கை மட்டும் பார்த்துவிடாதீர்கள்

பெல்ட்டைத் தொட வேண்டுமென்றால் முன்பக்க வலது சக்கரத்தைக் கழற்றி, எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, மவுண்ட்டை எடுத்து, ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி, பிளாஸ்டிக் கவர் என்று ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். கூலியில் பெரும்பகுதி இதற்குத்தான். டஸ்டர் டீசலில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோ டீசலிலும் அப்படியே. பெல்ட் கையோடு வந்துவிட்டால் பம்ப்புக்கு மிச்சம் சில போல்ட்டுகளும் கொஞ்சம் கூலன்ட்டும்தான். அன்றைக்கு விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து பம்ப் ஒழுகினால், சக்கரத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பாத்ரூம் டைல்ஸை உடைத்துப் புதுக் குழாய் போட்டவர், துருப்பிடித்த எல்போவை உள்ளேயே வைத்துப் பூசிய கதைதான். கூலி இரண்டு தடவை போனாலும், பில் இரண்டாகப் பிரிந்து வருவதால் வலி குறைவு.

படி 3: டென்ஷனருக்கு நற்சான்றிதழ் கொடுங்கள்

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் இந்தச் சின்ன உருளையைக் கையில் வாங்கி, விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். பம்பரமாகச் சுற்றுகிறதா? 'சூப்பரா ஓடுது, இதையே போடுங்க' என்று சொல்லிவிடுங்கள். புது டென்ஷனரில் பேரிங்கின் கிரீஸ் பிடித்துக்கொள்வதால் அது லேசாக முரண்டு பிடித்துத்தான் சுற்றும். நிற்காமல் சுற்றுகிறது என்றால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. காதருகே வைத்தால் மணல் அரைபடுவதுபோல ஒரு கரகரப்பும் கேட்கும். ஆகவே காதருகே வைக்காதீர்கள்.

படி 4: வாட்டர் பம்ப்பைக் கண்டுகொள்ளாதீர்கள்

பம்ப்பின் உடம்பில் சிறு துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் அதன் வழியாகக் கசிந்து உப்புப் பூத்தாற்போல் காய்ந்திருக்கும். ஒரு துணியால் துடைத்துவிட்டால் பம்ப் சரியாகிவிடும். குறைந்த கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீரை ஊற்றுங்கள். ரேடியேட்டருக்குள் உப்புப் படிய வேறு சுலபமான வழி இல்லை. பம்ப் பேரிங் இறுகிப்போனால் நேற்று போட்ட புது பெல்ட்டும் பல் உதிர்ந்து போகும் என்பதை நினைத்து மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 5: சில்லறைச் சாமான்களை ஒதுக்குங்கள்

கேம் சீல், கிராங்க் சீல் இரண்டும் ரப்பர் வளையங்கள். ஆயில் கசிந்து பெல்ட்டில் பட்டால் பெல்ட் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். விலை அற்பம் என்பதால் பேரம் பேசக்கூட வழியில்லை. வேண்டாம் என்று சொல்வதே மரியாதை. வெடிப்பு விட்ட ஃபேன் பெல்ட்டையும் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். அது கிழிந்து, அதன் நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்தால், டைமிங் பெல்ட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

படி 6: மிச்சம் பிடித்ததைச் செலவழியுங்கள்

நேராக ஜி.பி. ரோடு. சீட் கவர், டோர் வைசர், கதவைத் திறந்தால் தரையில் கம்பெனி லோகோ விழுகிற லைட். பம்ப்பைப் போல இவை உள்ளே ஒளிந்திருப்பவை அல்ல. நாலு பேர் பார்ப்பார்கள்.

படி 7: பலனை அனுபவியுங்கள்

பலன் பெரும்பாலும் குடும்பத்தோடு போகும்போது, மதுராந்தகம் தாண்டிக் கிடைக்கும். இந்த எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும் இடத்துக்கே வால்வும் இறங்கி வரும். இரண்டும் மோதாமல் முறைவைத்து அனுப்புவது பெல்ட்தான். 2000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 16 தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. பெல்ட் அறுந்தால் எந்த முன்னறிவிப்பும் இருக்காது. எஞ்சின் அப்படியே அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால், கம்ப்ரஷன் போனதால், ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றும். அந்தச் சத்தத்தைக் கேட்டே, "ஹெட் இறக்கணும் சார்" என்று மெக்கானிக் போனில் சொல்லிவிடுவார். இருப்பதே எட்டு வால்வு. எத்தனை வளைந்தன என்று பிறகு எண்ணிக்கொள்ளலாம். ரிகவரி வண்டி, வால்வு, கேஸ்கெட், லேத் கூலி, புதுப்பேட்டையில் பழைய ஹெட் தேடும் அலைச்சல் எல்லாம் இந்தப் படியில் அடக்கம். கூடவே ஒரு புது டென்ஷனரும் வாட்டர் பம்ப்பும் வாங்கியாக வேண்டும்.

இத்தனை படி ஏற முடியாதவர்களுக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. பம்ப்போடு சேர்ந்த டைமிங் கிட் நல்ல கம்பெனியில் கிடைக்கிறது, பில்லோடு வாங்குங்கள். ஃபேன் பெல்ட், சீல், சரியான கூலன்ட், ஒருமுறை மட்டுமே போடக்கூடிய புது கிராங்க் போல்ட் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் மார்க் சேர்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றியது என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டுக்கு அடியில் ஒட்டிவையுங்கள். அடுத்த தவணைவரை அந்தக் கவரைத் திறக்கும் வேலை இருக்காது.