அரசியல் கலக்காத பாட்டு

ஜெனீவாவில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1956 முதல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை நடத்திவரும் புண்ணியவான்கள். ‘எங்கள் போட்டியில் அரசியல் கிடையாது’ என்பது அவர்களுடைய சுப்ரபாதம். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரை முக்கிப் பார்ப்பதுபோல, வருகிற ஒவ்வொரு பாட்டிலும் எதையோ முக்கிப் பார்ப்பார்கள். எது துக்கம், எது அரசியல் என்று அது காட்டிவிடும்.

2009இல் மாஸ்கோவில் போட்டி. புதினின் பெயரைச் சிலேடையாக வைத்துக் கிண்டலடித்த ஒரு பாட்டை ஜார்ஜியா அனுப்பியது. அரசியல், வரியை மாற்று என்றார்கள். ஜார்ஜியா மாற்றவில்லை, போட்டிக்கும் வரவில்லை. 2016இல் உக்ரைனின் ஜமாலா ஒரு பாட்டோடு வந்தார். ஸ்டாலின் ஆட்சி கிரிமியத் தாத்தார் மக்களை மூட்டை முடிச்சோடு விரட்டிய ஆண்டான ‘1944’தான் பாட்டுக்குத் தலைப்பு. ரஷ்யா கிரிமியாவைப் பிடுங்கி அப்போது இரண்டே வருஷம். இதில் அரசியல் இல்லை என்று ஜெனீவா சான்றிதழ் கொடுத்தது. பாட்டு முதல் பரிசையும் தட்டிச் சென்றது. ஆக, அழுகைக்கு எழுபத்திரண்டு வயதானால் அது வரலாறு. சுடச்சுட அழுதால்தான் விதிமீறல்.

2022 பிப்ரவரி 24. ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைகிறது. அன்றைக்கு ஜெனீவா சொன்னது: ரஷ்யா பாடலாம், இது அரசியல் சாராத விழா. பக்கத்து நாட்டு ஒலிபரப்பாளர்கள் முறைக்கத் தொடங்கியதும் மறுநாளே ரஷ்யா வெளியே. ஒரே ராத்திரியில் மனசாட்சி பிறந்துவிட்டது. சுகப்பிரசவம்!

அந்த மே மாதம் டூரினில் உக்ரைனின் கலுஷ் ஆர்க்கெஸ்ட்ரா பாடியது, பாடகரின் அம்மாவைப் பற்றிப் போருக்கு முன்பே எழுதிய பாட்டு. நல்ல பாட்டுதான். நடுவர்கள் கணக்கில் அதற்கு நான்காவது இடம். மக்கள் ஓட்டில் 439 புள்ளி, அதுவரை யாரும் வாங்காதது. அனுதாப அலை என்பது நமக்கென்ன புதுச் சரக்கா? 1984 டிசம்பர் தேர்தலில் நானூறுக்கு மேல் தொகுதிகளை அள்ளிக் கொடுத்தவர்கள் நாம். குண்டு விழும் ஊருக்கு அதிகபட்சப் பன்னிரண்டு புள்ளியை அனுப்பிவிட்டு ஐரோப்பா நிம்மதியாகத் தூங்கப் போனது. ஜெயித்தவர்கள் யதார்த்தவாதிகள். புள்ளியை வைத்து என்ன செய்வது? பரிசாக வந்த கண்ணாடி மைக்கை 9 லட்சம் டாலருக்கு ஏலம் விட்டார்கள், ராணுவத்துக்கு ட்ரோன் வாங்க. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அடுத்த வருஷம் லிவர்பூலில் உக்ரைன் பெயரிலேயே விழா நடத்தி, அந்நாட்டு அதிபர் ஜெலென்ஸ்கி இரண்டு வார்த்தை பேசக் கேட்டபோது, கூடாது, அது அரசியல் என்றார்களே, அந்தச் சாமர்த்தியத்துக்குத் தனி விருது தரலாம்.

2024, மால்மோ. 2023 அக்டோபர் 7 தாக்குதலை நினைவூட்டும் ‘அக்டோபர் மழை’ என்ற பாட்டை இஸ்ரேல் அனுப்பியது. அரசியல் என்று திருப்பி அனுப்பினார்கள். வரிகளை மாற்றி, ‘சூறாவளி’ என்று பெயரிட்டு இஸ்ரேல் மறுபடி அனுப்பியது. வானிலை அறிக்கைக்கு அனுமதி கிடைத்தது. அயர்லாந்தின் பாம்பி தக் உடம்பில் ‘போர் நிறுத்தம்’ என்று எழுதிக்கொண்டு மேடையேற இருந்தார். அதுவும் ஓகம் எழுத்தில்! 1,500 வருஷத்துக்கு முந்தைய ஐரிஷ் கல்வெட்டுகளில் கோடு கோடாகக் கீறியிருப்பார்களே, அது. அரங்கில் இருந்த எத்தனை பேருக்கு அதைப் படிக்கத் தெரியும்? ஜெனீவா படித்துவிட்டது. அழிக்கச் சொல்லியும்விட்டது. காஸாவில் குழந்தைகளை இடிபாட்டிலிருந்து தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பாடகரின் கன்னத்துக் கோட்டை எழுத்துக் கூட்டிப் பார்க்க இவர்களுக்கு ஆள் இருந்தது. எழுபத்திரண்டு வருஷக் கணக்குப்படி 2096இல் அதே எழுத்தோடு யாராவது வந்தால் பரிசே கிடைக்கலாம்.

அடுத்த வருஷம் பாசலில் இஸ்ரேலுக்காகப் பாடியவர், அந்த அக்டோபர் 7 தாக்குதலில் பிணங்களுக்கு அடியில் கிடந்து உயிர் தப்பிய பெண். அவர் துயரத்தில் ஒரு துளியும் பொய் இல்லை. அதை எடுத்து விளம்பரக் கணக்கில் வைத்தது அரசாங்கம். இஸ்ரேல் அரசின் விளம்பர முகமை காசு கட்டி, பல மொழிகளில், ‘இவருக்கு இருபது ஓட்டு போடுங்கள்’ என்று ஐரோப்பா முழுக்க வீடியோ ஓட்டியது. கண்டுபிடித்துச் சொன்னதும் ஒன்றியத்தின் சொந்தச் செய்திப் பிரிவே. ஆனால் விதியில் தடை இல்லையாம்! மக்கள் ஓட்டில் இஸ்ரேல் முதலிடம், 297 புள்ளி. நடுவர்கள் போட்டது 60.

இருபது ஓட்டு என்பது எழுத்துப் பிழை அல்ல. அப்போது ஒரே ஆள் இருபது தரம் போட முடிந்தது, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. நம் ஊரில் ஓட்டுக்குக் காசு கொடுத்தால் பறக்கும் படை துரத்தும். அங்கே ஓட்டுப் போடுகிறவரே காசு கட்டுகிறார், அதற்குப் பெயர் ரசிகர் பங்கேற்பு. கள்ள ஓட்டுக்கு ரசீது தரும் உலகின் ஒரே தேர்தல் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதே பாசலில், அரையிறுதியின்போது ஸ்பெயின் வர்ணனையாளர்கள் காஸாவில் 50,000 பேருக்கு மேல் இறந்ததைச் சொன்னார்கள். பாட்டுகூட இல்லை, ஓர் எண்ணிக்கை. மறுபடி சொன்னால் அபராதம் என்று ஜெனீவாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. இருபது ஓட்டு கேட்ட அரசாங்கத்துக்கு எந்த அபராதமும் இல்லை. பிணத்தை எண்ணியவருக்கு அபராத எச்சரிக்கை உண்டு.

2025 டிசம்பரில் ஒன்றியத்தின் உறுப்பினர்கள் ஜெனீவாவில் கூடினார்கள். இஸ்ரேல் இருக்கலாமா என்று ஓட்டெடுப்பார்கள் என எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எடுக்கவில்லை. ரஷ்யாவுக்கு ஒரு நாளில் பிறந்த மனசாட்சி இங்கே இரண்டு வருஷம் கழித்தும் பிரசவ வார்டில்தான் கிடக்கிறது. ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, பிறகு ஐஸ்லாந்து என்று ஒவ்வொன்றாகப் போட்டியை விட்டுக் கிளம்பிவிட்டன. 2024இல் ஜெயித்த நெமோ கோப்பையைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினார். ஜெனீவா சும்மா இருக்கவில்லை, பெரிய சீர்திருத்தமே செய்தது. இனிமேல் ஒரு ஆள் பத்து ஓட்டுதான் போடலாம்.