நூல் பரிந்துரை: தோற்றமும் வளர்ச்சியும் திருப்பித் தராமையும்

"என்ன படிக்கலாம்?" என்னும் வினா, தமிழ் வாசகர் இருவர் சந்திக்கும் இடமெல்லாம் எழுகிறது. டீக்கடையில் எழுகிறது, பேருந்தில் எழுகிறது, கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே எழுகிறது. இவ்வளவு பரவலான வழக்காறு ஆய்வுலகின் கண்ணில் படாமல் தப்பியிருக்கிறது. சங்கப் பாடல்களில் பறவைகளை எண்ணிவிட்டார்கள். கல்வெட்டுகளில் வரிகளை எண்ணிவிட்டார்கள். ஒருவர் இன்னொருவரிடம் "இதைப் படிங்க" என்று சொன்ன பிறகு என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இவ்வாய்வு. கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடலாம்: பரிந்துரை கேட்பவர், கேட்க வருவதில்லை, வழங்க வருகிறார்.

அவசரப்பட்டு மறுக்க வேண்டாம். சான்றுகள் பின்னால் வருகின்றன.

ஆய்வு எல்லை

அச்சில் வரும் மதிப்புரைகள் இவ்வாய்வுக்குப் புறம்பானவை. அவற்றை எழுதியவர் நூலைப் படித்திருக்கக்கூடும் ஆதலால் அவை வேறு துறையைச் சார்ந்தவை. விருது அறிவிப்பு, பாடத்திட்டம், கல்யாணத்தில் அன்பளிப்பாக வரும் திருக்குறள் ஆகியனவும் விலக்கப்பட்டன. வாய்மொழிப் பரிந்துரை ஒன்றே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

களம், சென்னைப் புத்தகக் காட்சி. 1977இல் அண்ணா சாலையிலுள்ள மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் சிறிய அளவில் தொடங்கி, இடம் பல மாறி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு வந்து சேர்ந்த காட்சி அது. பொங்கலையொட்டி நடக்கும். பத்து சதவீதத் தள்ளுபடி எல்லா அரங்குக்கும் பொது. டெல்லி அப்பளம் எல்லா வாசகருக்கும் பொது. கையில் அப்பளம் உள்ளவர் புத்தகத்தைப் புரட்ட முடியாது, ஆகவே பேசுகிறார். எனவே தரவு திரட்டத் தக்க இடம் அரங்குகள் அல்ல, அப்பளக் கடை வாசலே என்பது பெறப்படும்.

முன்னோடிகள்

சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்து நூலாக்கினார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு என்பது இரண்டாம் விதியின் சாரம். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பது மூன்றாவதன் சாரம். இருவரையும் சேர்த்துவைக்கும் பொறுப்பை அவர் நூலகரிடம் ஒப்படைத்தார். கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு, தவறில்லை. ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து "இதையா படிக்கிறீங்க?" என்று கேட்பதற்கு அதில் இடம் விடப்படவில்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காம் விதி. பக்கத்து நாற்காலிக்காரரால் அன்றாடம் மீறப்படும் விதி இது.

அடுத்தவர் க.நா.சு. (1912–1988). தமிழ் விமர்சனத்தில் பட்டியல் என்னும் வடிவத்தை நிலைநாட்டியவர். அதில் இடம்பெற்றவர்கள் அதை விமர்சனம் என்றார்கள். இடம்பெறாதவர்கள் வெறும் பட்டியல் என்றார்கள். தமக்குப் பிடித்த தமிழ் நூல்களை அறிமுகம் செய்து அவர் எழுதிய நூலின் பெயர் 'படித்திருக்கிறீர்களா?'. துறையின் மொத்த உத்தியும் இந்தத் தலைப்பில் இருக்கிறது. "படியுங்கள்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் அசைய மாட்டார். "படித்திருக்கிறீர்களா?" என்றால் தானாகவே குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றுகொண்டு, "வாங்கி வச்சிருக்கேன், இன்னும் ஆரம்பிக்கல" என்று வாக்குமூலம் கொடுக்கிறார்.

க.நா.சு. வாயளவில் நிற்கவில்லை. தாம் படித்து வியந்த ஸ்காண்டிநேவிய நாவல்களைத் தாமே தமிழாக்கினார். பேர் லாகர்க்விஸ்டின் 'பரபாஸ்' அவர் கையால் 'அன்பு வழி' ஆயிற்று. சொன்ன புத்தகத்தை யாரும் படிக்கவில்லையென்றால் மொழிபெயர்த்தே கொடுத்துவிடுவது பரிந்துரையின் உச்சநிலை. இதற்கு மேல் எதிரில் உட்காரவைத்துப் படித்தே காட்டினால்தான் உண்டு. அதையும் செய்திருக்கிறார்கள். ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் தம் வீட்டில் நண்பர்களைக் கூட்டிவைத்துக் கம்பனைப் பாடிப் பாடிக் காட்டினார். அந்தக் கூட்டம் 'வட்டத்தொட்டி' என்று பெயர் பெற்றது. வட்டமாக உட்கார்ந்த கூட்டத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் நழுவ முடியாது என்பது இவ்வடிவத்தின் தனிச்சிறப்பு.

வகைப்பாடு

பரிந்துரைகளை வகைப்படுத்த அகத்திணை ஏழும் தேவையில்லை. கைக்கிளையும் பெருந்திணையும் போதும்.

கைக்கிளையாவது ஒருதலைப் பரிந்துரை. நீங்கள் எதுவும் கேட்டிருக்க மாட்டீர்கள். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பீர்கள். அவர் தொடங்கிவிடுவார். பெருந்திணையாவது பொருந்தாப் பரிந்துரை. டி.என்.பி.எஸ்.சி. கைடு வாங்க வந்த பையனிடம் அரை மணி நேரம் பின்நவீனத்துவ நாவல் ஒன்றைப் புகழ்ந்ததும், அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு "இதுலேர்ந்து கேள்வி வருமா சார்?" என்று கேட்டதும் களத்தில் பதிவான நிகழ்ச்சி. கேள்வி நியாயமானது.

இவ்விரு திணைக்கும் பொதுவான ஒரு வாய்பாடு உண்டு: "முதல் ஐம்பது பக்கம் மட்டும் பொறுத்துக்கங்க." இந்த ஐம்பது நிலையான எண் அன்று. நூலின் பருமனுக்கேற்ப வளரும். 'விஷ்ணுபுரம்' என்றால் நூறு, நூற்றைம்பது. 2014 முதல் 2020 வரை இருபத்தாறு நாவல்களாக எழுதப்பட்ட 'வெண்முரசு' என்றால் பக்கக் கணக்கே கிடையாது, "முதல் ரெண்டு நாவலைத் தாண்டிட்டா போதும், அப்புறம் இழுத்துட்டுப் போயிடும்" என்பார்கள். இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள் என்பதால் இச்சான்றை ஐயுற வழியில்லை. இரண்டாம் நாவலிலேயே நின்றுவிட்டவர்கள் எதுவும் சொல்வதில்லை, பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

ஐயத்துக்கு இடமில்லாத விடை

கேட்பவர் யார், என்ன வயது, இதற்குமுன் என்ன படித்தார் என்று எதையும் விசாரிக்காமல் சொல்லத்தக்க விடை தமிழில் ஒன்று உண்டு. அது 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது, ஐந்து பாகம். 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானபின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாயிற்று. புத்தகக் காட்சியில் கண்ணை மூடிக்கொண்டு எந்த வரிசையில் நடந்தாலும் வந்தியத்தேவனின் குதிரை இடிக்கிறது. 2022, 2023 ஆண்டுகளில் திரைப்படம் வந்தபின் "படிச்சாச்சா?" என்ற கேள்வியோடு "பார்த்தாச்சா?" என்பதும் சேர்ந்துகொண்டது. பார்த்தவர் படித்தவரிடம் அகப்பட்டுக்கொண்டால் விடுபட வெகுநேரமாகும். படத்தில் விட்டதையெல்லாம் அத்தியாய வாரியாகக் கேட்டுத் தீர வேண்டும்.

தீவிர வாசகர்கள் இந்த விடையைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். நான்கு பேர் முன்னால் கேட்டால் லத்தீன் அமெரிக்கா பக்கம் போய்விடுவார்கள். தனியாகப் பிடித்து, "நீங்க முதல்ல படிச்ச பெரிய நாவல் எது?" என்று கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தியத்தேவனிடம்தான் வருகிறார்கள். இந்தக் கூச்சம் தேவையற்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வாசற்படி வழியாக வந்தவர் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வாசற்படியை இகழ்வது மரியாதையும் ஆகாது.

அக்காலத்தில் தொடர்கதைகளை வாரா வாரம் இதழிலிருந்து பிரித்தெடுத்து, சேர்த்து, பைண்டு செய்து வைப்பார்கள். மணியத்தின் ஓவியங்களோடு அது வீடு வீடாகப் போகும். பக்கத்தின் பின்புறம் தைல விளம்பரமும் பாதி ஜோக்கும் இருக்கும். ஏதோ ஒரு வாரத்து இதழ் கிடைக்காமல் போயிருந்தால் அந்த அத்தியாயத்தைப் புத்தகக்காரர் வாயால் சொல்லி நிரப்புவார். அவர் சொன்ன அத்தியாயம் மூலத்தைவிட நன்றாக இருந்தது என்று சாட்சியம் கூறுவோர் இன்னும் உள்ளனர்.

பரிந்துரை பலித்தமைக்கு ஒரு சான்று

எல்லாமே வீண்பேச்சு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ப. சிங்காரம் எழுதியது இரண்டே நாவல். மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார். இலக்கியக் கூட்டங்களில் தலைகாட்டியவர் அல்லர். 1972இல் வெளியான 'புயலிலே ஒரு தோணி' உலகப்போர்க் காலத்து மேடான், பினாங்கு என்று தென்கிழக்காசியத் தமிழர் வாழ்வைச் சொல்லும் நாவல். வந்தபோது ஊர் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒருவர் படித்து இன்னொருவரிடம் சொல்லி, அவர் தேடி, கிடைக்காமல், வைத்திருப்பவரிடம் கெஞ்சி வாங்கிப் படித்து, மூன்றாமவரிடம் சொல்லி, இப்படியே நடந்து இன்று தமிழின் முதன்மையான நாவல்களைச் சொல்லும் எந்தப் பட்டியலிலும் அநேகமாக இருக்கிறது. சிங்காரம் 1997இல் காலமானார். ரங்கநாதனின் மூன்றாம் விதி, நூலகத்துக்கு வெளியே, பக்கத்து நாற்காலிக்காரர்களாலேயே நிறைவேறியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

கிடைக்காத புத்தகத்துக்கு எப்போதும் மவுசு அதிகம். 1985இல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்ததில் பழைய புத்தகக் கடைகள் போயின. அன்று முதல், "அதை மூர் மார்க்கெட்ல எட்டணாவுக்கு எடுத்தேன்" என்று யார் எந்த அரிய நூலைப் பற்றிச் சொன்னாலும் மறுக்கச் சாட்சி இல்லை. இளைய தலைமுறை இதற்கு ஒரே மருந்து வைத்திருக்கிறது. வியந்து கேட்டு முடித்ததும், "பிடிஎஃப் இருக்கா சார்?" என்பார்கள்.

கருதுகோள் நிறுவப்படல்

பில் போடும் வரிசை. பெரியவர் ஒருவர், அவருக்குப் பின்னால் இளைஞர்.

"சார், நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்களேன். கொஞ்ச நாளா எதுலயும் மனசு ஓடல."

"ரஷ்ய மொழிபெயர்ப்பெல்லாம் படிப்பீங்களா தம்பி? 'வெண்ணிற இரவுகள்'னு..."

"அய்யோ சார், அது எனக்கு உயிரு! ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்புதானே? அதுல முதல் ராத்திரி அந்தப் பொண்ணு கால்வாய்க் கரையில நிப்பா பாருங்க..."

பெரியவரிடம் சொல்ல நிறைய இருந்தது. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் மலிவு விலையில் விற்ற நூல்களால் வளர்ந்த தலைமுறை அவருடையது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து வரத்து நின்ற கதை வரை அவர் நாவின் நுனியில் இருந்தது. இடம் கிடைக்கவில்லை. அந்நூலில் இரவுகள் நான்கு, காலை ஒன்று. தம்பி ஐந்தையும் சொன்னார். பில் போடுபவர் இருமுறை கூப்பிட்டும் பயனில்லை. காலை வந்த பிறகே பணத்தை எடுத்தார். போகும்போது பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார், நிறைய சொன்னீங்க" என்றார். பெரியவர் சொன்னது ஒரு தலைப்பு மட்டுமே.

இதில் தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாவலைப் படித்து முடித்தவனுக்கு அதற்குள் பழகிய ஆட்களைப் பற்றிப் பேச ஆள் வேண்டும். வீட்டில் கேட்க ஆளில்லை; அலுவலகத்தில் கேட்டால் சிரிப்பார்கள். அதே புத்தகத்தைப் படித்த இன்னொருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? தெருவில் நின்று கூவ முடியாது. ஆகவே "நல்ல நாவல் சொல்லுங்க" என்று கேட்டுவைக்கிறான். எதிரில் இருப்பவர் சரியான பெயரைச் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறான். மனசு ஓடவில்லை என்று தம்பி சொன்னதும் பொய்யன்று; அது அந்தக் கால்வாய்க் கரையிலேயே நின்றுவிட்டிருந்தது.

இதற்குப் பின்னர் நிகழும் இரவல் என்னும் துறை தனி ஆய்வுக்குரியது. பரிந்துரை முற்றிய வேகத்தில் புத்தகத்தையே கையில் கொடுத்துவிடுகிறார்கள், அது திரும்புவதில்லை. வாங்கிச் சென்றவர் "கண்டிப்பா படிக்கிறேன்" என்றார் என்றால் படிக்கப்போவதில்லை என்று பொருள். "பாதி வந்துட்டேன்" என்றால் புத்தகம் தொலைந்துவிட்டது. ஒன்றுமே சொல்லவில்லையென்றால், படித்துவிட்டு அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார், பரிந்துரை வெற்றி.

மேலாய்வுக்கான பரிந்துரைகளை இறுதியில் தர வேண்டும் என்பது ஆய்வேட்டு மரபு. இவ்வாய்வாளர் தருவது ஒன்றே. யாராவது உங்களிடம் "நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால் அவசரப்பட்டுப் பெயர் எதையும் உதிர்க்க வேண்டாம். "நீங்க கடைசியா என்ன படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, உட்கார இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.