மூன்றாவது கொட்டேஷன்: ஓர் ஒப்பியல் ஆய்வு

மேற்கோளுக்கும் விலைப்புள்ளிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான்: கொட்டேஷன். தமிழ் இரண்டையும் வேறுவேறாக வைத்திருப்பதில் நம் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. முனைவர் பட்ட ஆய்வேட்டில் அடுத்தவர் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டால் குற்றம். பர்ச்சேஸ் ஃபைலில் எடுத்துப் போடாவிட்டால் ஃபைல் நகராது. இந்த முரணே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல். ஆய்வெல்லை: ஒரு ஸ்டீல் பீரோ.

எங்கள் துறைக்கு மத்திய அரசு நிதித் திட்டம் ஒன்றில் அந்தப் பீரோ வாங்க வேண்டியிருந்தது. உள்ளே வைக்கப் போவது ஆய்வேடுகளை என்பது தற்செயல். அந்தப் பணத்துக்குப் பொது நிதி விதிகள், 2017 பொருந்தும். அவை வெளிவந்தபோது 154ஆம் விதி 25,000 ரூபாய் வரை கொட்டேஷனே கேட்கவில்லை. பொருள் தரமானது, கடைக்காரர் நம்பகமானவர், விலை நியாயமானது என்று வாங்குகிறவர் ஒரு சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு மேல் இரண்டரை லட்சம் வரை, 155ஆம் விதிப்படி, மூவர் குழு சந்தைக்குப் போய் விலையும் தரமும் விசாரிக்க வேண்டியிருந்தது. மூன்று பேராசிரியர்கள் வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி, பீரோ கதவைத் தட்டிப் பார்க்கும் காட்சி விதி எழுதியவரின் மனக்கண்ணில் ஓடியிருக்க வேண்டும். என் கண்ணில் இதுவரை படவில்லை.

பீரோ விலை 14,200. எனவே சான்று போதும் என்று விதிப் புத்தகத்தோடு பர்ச்சேஸ் செக்‌ஷனுக்குப் போனேன். சூப்பரின்டென்டென்ட் புத்தகத்தைப் பணிவோடு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “ரூல் கரெக்ட் சார். ஆனா ஆடிட்டுக்கு மூணு இருந்துட்டா நல்லது.” இந்த ‘இருந்துட்டா நல்லது’ எந்தத் தொகுப்பிலும் எண் பெறாத விதி. எண் பெற்ற விதிகளெல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை.

கடைக்காரரிடம் சொன்னேன். “நீங்க சிரமப்படாதீங்க சார், மத்த ரெண்டையும் நானே அனுப்பிடறேன்” என்றார். ஆய்வு நெறிமுறையில் முதன்மை ஆதாரம், துணைமை ஆதாரம் என்று பிரிப்போம். அவர் ‘மெயின்’, ‘சப்போர்ட்டிங்’ என்றார். நெறியாளர் இல்லாமலே இந்தத் தெளிவு அவருக்கு வாய்த்திருந்தது.

மறுநாள் மூன்றும் ஒரே கவரில் வந்தன. மூன்று லெட்டர்ஹெட், மூன்று முகவரி, ஒரே தேதி. முதலாமவர் 14,200, இரண்டாமவர் 14,750, மூன்றாமவர் 15,300. இரண்டு இடைவெளியும் சரியாக 550. சந்தை விலை இவ்வளவு ஒழுங்காகப் படியேறி நான் பார்த்ததில்லை. மூன்றாவது நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் மூலையில் ஒரு பம்புசெட் படம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று தாளிலும் ‘ஸ்டீல் பீரோ’ என்பது ‘ஸ்டில் பீரோ’ என்றே அச்சாகியிருந்தது. சுவடிப் பதிப்பில் பயின்றவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். ஒரே பிழை பல படிகளில் வந்தால் அவை ஒரே மூல ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதியவை.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க ஒழுங்குமுறை வகுத்தது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை குற்றமில்லை. 40 வரை திருத்தி எழுதித் தர வேண்டும். 60 வரை ஓராண்டு தள்ளிவைப்பு. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. மேற்படி மூன்று தாளையும் இதில் எங்கே வைப்பது என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் முளைத்தது.

பெரிய தொகைக்கு இந்தக் குடிசைத் தொழில் செல்லாது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களைத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 கட்டுப்படுத்துகிறது. டெண்டர் போட 2 கோடி வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம். புதிதாக இறங்கும் சப்ளையர் ஜி.எஸ்.டி. எண், முன்வைப்புத் தொகை, மின்தளத்தில் ஏற்ற டிஜிட்டல் கையெழுத்து இவற்றோடு வர வேண்டும். இரண்டு கவர் முறையில் தொழில்நுட்பக் கவர் தேறினால்தான் விலைக் கவரைப் பிரிப்பார்கள். ஆய்வேடு தேறிய பிறகே வாய்மொழித் தேர்வு என்பது போல. தேறியவர்களில் குறைந்த விலைக்காரர் ‘எல் ஒன்’. அவரிடம் மட்டும் இன்னும் குறையுங்கள் என்று பேரம் பேசவும் மாநிலச் சட்டம் இடம் தருகிறது.

அனுபவத்தில் ஒன்று சொல்வேன். விவரக்குறிப்பில் பீரோவின் உயரம் 1,967 மில்லிமீட்டர் என்று கண்டால், அதே உயரத்தில் பீரோ செய்கிறவர் ஒருவர் எங்கோ தயாராக இருக்கிறார் என்று கொள்க. டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் “ஏன் 1,967?” என்று கேட்கலாம். கேட்டவருக்குக் காபி உண்டு.

பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபையார் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது என்று கல்லில் வெட்டியும் வைத்தார்கள். இந்த உறவினர் விதியைப் பீரோ ஃபைலுக்குப் பொருத்தினால் பம்புசெட்காரர் விழுந்துவிடுவார். அவர் முதலாமவரின் மச்சான் என்பது டெலிவரிக்கு வந்த பையன் வழியாகக் கிடைத்த வாய்மொழித் தரவு.

பீரோ வந்தது மார்ச் 30. நிதியாண்டின் கடைசி மாதங்களில் அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்கிறது பொது நிதி விதிகளின் 62ஆம் எண். அன்று ஸ்டோர்ஸ் வாசலில் எங்கள் பீரோ நான்காவது வரிசையில் நின்றது.

ஏப்ரலில் மனம் கேட்காமல், மூன்று கொட்டேஷனையும் நூலகத்தில் கொடுத்து ஒப்புமை மென்பொருளில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 88 விழுக்காடு. நூலகர் கண்ணாடியைக் கழற்றி, “யார் சார் கைடு?” என்று கேட்டார். அறிக்கையை எடுத்துக்கொண்டு நேரே பர்ச்சேஸ் செக்‌ஷனுக்குப் போனேன்.

சூப்பரின்டென்டென்ட் நிதானமாகப் படித்தார். “மீதி பன்னிரண்டு எது சார்?”

“லெட்டர்ஹெட்டும் விலையும்.”

“அப்புறம் என்ன சார், அதை மட்டும்தானே கம்பாரடிவ் ஸ்டேட்மென்ட்ல போட்டிருக்கோம்” என்று சொல்லி, அறிக்கையில் ஓட்டை போட்டு நாலாவது தாளாக ஃபைலில் கோத்துக்கொண்டார்.